நெல்லிலையில் புரோலீனை அளப்பது எப்படி?

சிறுபோகத்தில் நன்னீர் குறையும்போது மட்டக்களப்பு வாவியோர வயல்களில் உவர் ஏறும். நெற்பயிரும் தன் அனுசேபத்தை, அதாவது கலங்களில் நடக்கும் இரசாயன மாற்றங்களை, மாற்றிக்கொண்டு, கலங்களில் நீரைத் தக்கவைக்க உதவும் சிறு மூலக்கூறுகளைச் சேர்க்கும். அவற்றுள் புரோலீன் என்ற அமினோ அமிலத்தை அளப்பது எளிது. 1973இல் பேற்ஸ் குழுவினர் வெளியிட்ட முறைக்குச் கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் சாதாரண நிறமாலைமானியே போதும்.

பாதி முடிவு வயலிலேயே தீர்ந்துவிடுகிறது. உவர் வயல், நல்ல வயல் இரண்டிலும் ஒரே இனம், ஒரே வயது, ஒரே வேளை. முழுதாக விரிந்த மேலிலை. பறித்த இலை வாடினாலும் புரோலீன் மாறும். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் பறித்ததை வெயிலில் கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ள வந்தாறுமூலை வரை கொண்டுவந்தால், உவரோடு பயணத்தையும் சேர்த்தே அளப்பீர்கள். திரவ நைதரசன் இருந்தால் உடனே உறையவையுங்கள். இல்லையேல் ஐஸ் பெட்டியில் வைத்து விரைந்து வாருங்கள்.

முதலில், புரோலீனோடு சேர்ந்து சிவப்பு நிறம் தரும் வினைபொருள். 1.25 கிராம் நின்ஹைட்ரினை 30 மில்லிலீற்றர் செறிந்த அசற்றிக் அமிலத்திலும் 20 மில்லிலீற்றர் 6 மோலார் பொசுபோரிக் அமிலத்திலும் இளஞ்சூட்டில் கரையுங்கள். குளிரூட்டியில் ஒரு நாள்தான் தாங்கும்.

0.5 கிராம் இலையை 10 மில்லிலீற்றர் 3 வீத சல்போசாலிசிலிக் அமிலத்தில் அரைத்து வடியுங்கள். வடிதிரவம், வினைபொருள், செறிந்த அசற்றிக் அமிலம் மூன்றிலும் 2 மில்லிலீற்றர் வீதம் ஒரு குழாயில் சேர்த்து, கொதிநீரில் ஒரு மணிநேரம் வைத்து, ஐஸில் இறக்குங்கள். 4 மில்லிலீற்றர் தொலுயீன் ஊற்றிக் குலுக்கினால் சிவப்பு நிறம் மேல் அடுக்குக்கு ஏறும். அந்த அடுக்கை மட்டும் எடுத்து, வெறும் தொலுயீனைச் சுழியமாக வைத்து 520 நானோமீற்றரில் வாசியுங்கள். தொலுயீன் ஆவி கெடுதியானது. புகைபோக்கிக் கூண்டுக்கு வெளியே இதைச் செய்யவே வேண்டாம்.

செறிவு தெரிந்த புரோலீன் கரைசல்களையும் இதே வழியில் நடத்தி வாசிப்பைச் செறிவாக மாற்ற உதவும் நியம வளையி வரையுங்கள். வடிதிரவத்தில் மில்லிலீற்றருக்கு 23 மைக்குரோகிராம் வந்ததென்று வைத்துக்கொள்வோம். 10ஆல் பெருக்கி 0.5ஆல் வகுத்தால், ஒரு கிராம் இலைக்கு 460 மைக்குரோகிராம். புரோலீனின் மூலர்த்திணிவு 115.13, அதனால் வகுத்தால் ஏறத்தாழ 4 மைக்குரோமோல்.

எண் கூடியவுடன் ‘உவர் தாங்கும் இனம்’ என்று எழுதிவிடும் அவசரம் எனக்கு ஒப்பாது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பயிரிலும் புரோலீன் குவியும். எனவே அதே இடத்து மண்ணின் உவரைக் காட்டும் மின்கடத்துதிறனையும், இலையின் சோடியம், பொற்றாசியம் அளவுகளையும் பக்கத்தில் வைத்தே அந்த எண்ணைப் படியுங்கள்.