பாடசாலை வாணி விழா: பெற்றோரின் கைகளையும் சேர்த்துக்கொள்வது எப்படி?

நவராத்திரி நெருங்கினால், சரஸ்வதிக்கு எடுக்கும் வாணி விழாவுக்காகக் கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளில் வழமையாக நடப்பது இதுதான்: இரண்டு மூன்று ரீச்சர்மார் முழுப் பாரத்தையும் சுமப்பார்கள், பெற்றோருக்குக் காசு கேட்டு ஒரு துண்டு வரும். காசைக் கொடுத்தவர்கள் விழாவன்று விருந்தாளி மாதிரிக் கதிரையில் வந்து இருப்பார்கள். காசைக் குறைத்து வேலையைக் கூடுதலாகக் கேளுங்கள் என்பதுதான் என் கட்சி. முதல்முறையாக இதில் இறங்கும் பெற்றோருக்காக, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. அனுமதியும் நாளும்

வகுப்பாசிரியரிடம் சொல்லி, இந்து மன்றப் பொறுப்பாசிரியர் வழியாக அதிபரிடம் போங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு அதிபர்தான் தலைவர் என்பதால் அவருக்குத் தெரியாமல் ஒரு வேலையும் தொடங்க வேண்டாம். காசு சேர்ப்பதென்றால் சங்கத்தின் ஊடாக, பற்றுச்சீட்டுடன் மட்டுமே. ஒருவருடைய சொந்தக் கணக்குக்குப் போட்டால் பிறகு கதை வரும்.

நவராத்திரியின் கடைசி மூன்று நாள் சரஸ்வதிக்கு உரியவை. அதில் ஒரு பாடசாலை நாளைப் பிடித்து, காலையிலேயே வையுங்கள். ஐப்பசியில் கொழும்பில் பின்னேரம் இடியோடு மழை கொட்டும். வெளியில் போட்ட கோலமும் ஸ்பீக்கரும் அதோடு சரி.

2. ஆள் சேர்ப்பது

"உதவ விரும்புவோர் தொடர்புகொள்ளவும்" என்று வட்ஸ்அப் குழுவில் போட்டால் நாலைந்து கும்பிடு வரும், ஆள் வராது. இப்படிப் போட்டுப் பாருங்கள்:

"செவ்வாய் பின்னேரம் 2 மணியிலிருந்து 4 மணி வரை, மண்டபத்தில் தோரணம் கட்ட 6 பேர் தேவை. கத்தரிக்கோல் கொண்டு வரவும். பிள்ளைகளும் கூட இருக்கலாம்."

எந்த வேலை, எத்தனை பேர், எப்போது முடியும் என்று தெரிந்தால்தான் ஒரு அம்மா பெயர் கொடுப்பார். புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் அப்பா கிழமை நாளில் வரமாட்டார், ஆனால் அலங்காரச் சாமானை மொத்த விலைக்கு வாங்கித் தருவார். ஓட்டோ ஓடுகிறவர் வாழைமரம் ஏற்றிவருவார். வீட்டில் இருக்கும் அம்மம்மா, தாத்தாவை எவரும் கேட்பதே இல்லை. அவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

3. மேடை

வாடகை உடுப்பும் ஒப்பனையும் கேட்கும் நடனம் ஒன்று போதும். அந்தச் செலவுக்குப் பயந்தே சில பிள்ளைகள் "எனக்கு ஆட விருப்பமில்லை" என்று ஒதுங்கிவிடுவார்கள். கோலாட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு கோல் இருந்தால் போதும், 16 பேரையும் ஏற்றலாம், 24 பேரையும் ஏற்றலாம். சோடி குறையாமல் பார்த்துக்கொண்டால் சரி. சரஸ்வதியைப் போற்றும் சகலகலாவல்லி மாலையில் 10 பாடல்கள். வகுப்புக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தால் மனனம் செய்வது பாரமில்லை, பத்து வகுப்பும் மேடையேறும். பிரமுகர் உரை ஒன்றுக்கு மேல் வேண்டாம். பசியோடு நிலத்தில் இருக்கும் தரம் 2 பிள்ளைகளைக் கொஞ்சம் நினையுங்கள்.

4. நிறைகுடம்

இதைப் பெரியவர்கள் விடியவே வந்து வைத்துவிட்டுப் போகக்கூடாது. பிள்ளைகள் கையால் வைக்க வேண்டும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, தலைவாழையிலை போட்டு, அதில் நெல்லையோ பச்சையரிசியையோ பரப்புங்கள். குடத்தை நடுவில் வைத்த பிறகே நீர் ஊற்ற வேண்டும், நிரப்பித் தூக்கினால் அரிசி நனையும். 5 மாவிலையைக் காம்பு உள்ளே போக விரித்துச் செருகி, முடி வைத்து உரித்த தேங்காயைக் குடுமி மேலே இருக்க வையுங்கள். சின்னத் தேங்காய் குடத்துக்குள் இறங்கிவிடும், வாய் அளவு பார்த்து வாங்குங்கள். இருபுறமும் குத்துவிளக்கு. அம்மம்மா ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்ல, நாலு பிள்ளைகள் செய்யட்டும்.

5. எல்லாப் பிள்ளைகளும்

கொழும்பு வகுப்பறையில் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருப்பார்கள். பூசையில் நிற்பதும் நிற்காததும் அவர்கள் வீட்டு முடிவு, வற்புறுத்த வேண்டாம். அறிவிப்பு, ஒலிவாங்கி, சித்திரக் கண்காட்சி என்று பொறுப்பான வேலையாகக் கொடுங்கள். கதிரை அடுக்க மட்டும் கூப்பிட்டால், ஒதுக்குகிறார்கள் என்று பிள்ளைக்கு விளங்கும்.

6. கடலை

பிரசாதத்துக்கான கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். 1 கிலோ கடலை அவிந்து 2 கிலோவுக்கு மேல் வரும், ஏறக்குறைய 25 பிள்ளைகளுக்குக் காணும். தேங்காய்ப்பூவைப் பரிமாறும் நேரத்தில் சேருங்கள். சூட்டோடு மூடி வைத்தால் கொழும்பு வெக்கைக்கு மத்தியானத்துக்குள் புளித்துவிடும். வாழையிலைத் துண்டில் கொடுத்தால் பொலித்தீன் பொறுக்கும் வேலையும் மிச்சம்.

7. முடிந்த பிறகு

அன்றே கூட்டித் துடைத்து, கணக்கை விளம்பரப் பலகையில் ஒட்டிவிடுங்கள். யார் எந்த வேலை செய்தார் என்ற பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து நத்தாரை ஒட்டி ஒளி விழா வரும். அதற்குக் கிறிஸ்தவப் பெற்றோர் முன்னுக்கு நிற்கட்டும், நீங்கள் பெயர் கொடுத்துவிட்டுத் தோரணம் கட்டப் போங்கள்.