நடுவருக்கு யார் சொல்வது?

மலையகப் பாடசாலையொன்றில் உடற்கல்வி ஆசிரியர் நான், வலைப்பந்தாட்ட நடுவரும்கூட. நடுவர் நியமனக் கடிதம் அதிபர் வழியாகத்தான் கைக்கு வரும். அதைக் காட்டித்தான் கடமை லீவு எடுக்க வேண்டும்.

ஒருமுறை கோட்டமட்டப் போட்டிக்கு நோர்வூட்டில் போய் இறங்கினால், மைதானத்தில் ஒருவரும் இல்லை. இரவு மழையில் சேறாகிவிட்டதால் போட்டியைப் பொகவந்தலாவைக்கு மாற்றியிருந்தார்கள். பாடசாலைகளுக்குச் சொன்னவர்கள் நடுவர்களுக்குச் சொல்லவில்லை. அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேரப் பத்தரை ஆகிவிட்டது. வலைப்பந்தாட்டத்துக்கு இரண்டு நடுவர் வேண்டும், ஆளுக்குப் பாதி மைதானம். மற்ற நடுவர் விசிலோடு தனியாக நின்றார். ஆடும் இடத்தைக் குறிக்கும் ஜி.எஸ்., ஜி.ஏ. எழுத்துகளை மாட்டியபடி பிள்ளைகள் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றும் அது மனதை உறுத்துகிறது.

அப்புறம் கடிதத்தை மட்டும் நம்புவதில்லை. கடிதம் வந்ததுமே போட்டி நடத்தும் பாடசாலையின் பீ.ரீ. டீச்சரின் நம்பரை வாங்கிவிடுவேன். முந்தின நாள் மாலை ஏழு மணிக்கு ஒரு போன் கோல்: "டீச்சர், நாளைக்கு அதே கிரவுண்ட்தானே? முதல் மெட்ச் எத்தனை மணிக்கு? என்னோடு யார் வருகிறார்?" வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு இருக்க முடியாது, தோட்டப் பக்கம் சிக்னல் கிடைக்காமல் செய்தி மறுநாள்தான் போய்ச் சேரும். சக நடுவரிடமும் பேசிவிடுவேன். இரவில் மழை பிடித்தால், முதல் பஸ்ஸுக்கு முன் டீச்சருக்கு இன்னொரு கோல்.