ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டால் போதுமா? வைஃபை கார்டு மாற்றும்போது செய்யும் தவறுகள்

லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு டீ குடித்து வந்து திறந்தால் ப்ளூ ஸ்கிரீன். ஒரு மாதம் இதே கதை. ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், விண்டோஸை இரண்டு தடவை ஃபார்மட் செய்தேன், கடைசியில் பார்த்தால் நானே ஆன்லைனில் வாங்கி மாட்டிய வைஃபை கார்டுதான் வினை. சொந்தக் காசில் சூனியம்.

பலரும் சறுக்குவது கார்டு வாங்கும்போதே. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது, ஒரே எம்.2 ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் 200, பிசிஐஇ என்ற பொது இணைப்பில் தனியாக இயங்கும் கார்டு, இன்டெலுக்குப் பதில் ஏஎம்டி சிப் உள்ள லேப்டாப்பிலும் ஓடும். 201-க்குப் பாதி மூளை மதர்போர்டில் இருக்கிறது. கார்டில் இருப்பது ரேடியோ பகுதிதான், மிச்ச வேலையை அதற்கேற்ற இன்டெல் சிப் செய்தாக வேண்டும். சிஎன்விஐ என்பது இதைத்தான். ஏஎம்டியின் ரைசன் சிப் உள்ள லேப்டாப்பில் போட்டால் சீண்டக்கூடச் சீண்டாது. ஏஎக்ஸ்210, 211-க்கும் இதே கணக்கு. வைஃபை 7-க்கு வந்தால் இந்தக் கணக்கையும் நம்பாதீர்கள், அதற்கான இன்டெல் பிஇ200 பிசிஐஇ கார்டுதான் என்றாலும் ஏஎம்டியில் தகராறு செய்வதாகப் பெயர் வாங்கியது. பழைய திங்க்பேட் லேப்டாப்கள் சிலவற்றில் இன்னொரு தொல்லை: விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற மென்பொருள் தன் பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் 1802 என்ற பிழையைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும்.

சரி, கார்டு சரியானதுதான், ஆனாலும் கிராஷ் ஆகிறது என்றால்? விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று பார்த்ததும் பவர் சப்ளைமேல் பழி போடாதீர்கள். லேப்டாப் முறையாக அணையவில்லை என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று கிராஷ் விவரங்கள் சேரும் ஃபோல்டர் ஒன்று இருக்கும், அதை ப்ளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். எனக்கு வந்தது டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர், எண் 9எஃப். தூங்கப்போன லேப்டாப்பை எழுப்பும்போது ஏதோ ஒரு டிரைவர், அதாவது ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள், ஒத்துழைக்கவில்லை என்று அர்த்தம். அப்போதும் எது என்று உறுதியில்லாததால் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, மூன்று நாள் போனை யூஎஸ்பியில் செருகி அதன் நெட்டிலேயே ஓட்டினேன். ஒரு கிராஷ் இல்லை. இதை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு ஃபார்மட் மிச்சம்.

அப்புறம் பழைய டிரைவர். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களையும் காட்டச் சொல்லி, பழைய கார்டை டிரைவரோடு சேர்த்து நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். அதைவிட முக்கியம், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, தன் மையப் பகுதியான கெர்னலை அப்படியே டிஸ்க்கில் சேமித்து வைத்துக்கொள்கிறது. அந்த நிலையில் கார்டை மாற்றினால் அடுத்த பூட்டில் குழப்பம்தான். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரி கனெக்டரையும் கழற்றுங்கள்.

ஆன்டெனா வயரைத் தொடுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முனை கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நேர் மேலிருந்து விரலால் அழுத்தினால் டிக் என்று உட்காரும், சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். என்னுடையதில் வெள்ளை வயர் அப்படித்தான் போனது. பழைய கார்டு திரும்ப உள்ளே போய்விட்டது, கிராஷும் நின்றுவிட்டது, ஆனால் அடுக்களையில் மட்டும் இன்னும் சிக்னல் கிடைப்பதில்லை.