எதெல்லாம் கார்டியோ? கணக்கில் சேர்க்கும்போது நடக்கும் தவறுகள்

புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, வாரத்துக்கு இப்போது எவ்வளவு உடல் உழைப்பு இருக்கிறது என்பதுதான். வீடு பெருக்குவது, மாடி ஏறுவது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைவது எல்லாம் பட்டியலில் வரும். கடைசியில் சிலர் குரலைத் தாழ்த்தி, "அதுவும் சேருமா?" என்பார்கள். எது என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் பலர் பதிலையும் தாங்களே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். ஆள் மாறினாலும் தப்புக் கணக்கு மட்டும் மாறுவதில்லை.

வார்ம்-அப், ஷூ, தண்ணீர் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அளவுகோலை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை 1 மெட் என்று வைத்துக்கொள்வார்கள். ஒரு வேலை அதைப்போல 3 மடங்கிலிருந்து 6 மடங்குக்குள் செலவு வைத்தால் மிதமான உழைப்பு; 6-ம் அதற்கு மேலும் போனால் தீவிர உழைப்பு. பாத்திரம் கழுவுவது 2-ஐக்கூடத் தொடாது. பெருக்குவது 3-ஐக் கொஞ்சம் தாண்டும். மெதுவாக மாடி ஏறினால் 4, வேகமாக ஏறினால் 8-க்கு மேல். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிர உழைப்பு. இரண்டையும் கலந்தும் செய்யலாம்.

நெஞ்சு படபடத்தாலே கார்டியோ என்று நினைப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் வரவைக்கும் தவறு இதுதான். மற்றவற்றால் கொஞ்சம் நேரம் வீணாகும், அவ்வளவுதான். இது ஆளையே ஏமாற்றிவிடும்.

கார்டியோ என்றால் இதயத்துக்கான பயிற்சி, அதனால் இதயம் வேகமாகத் துடித்தால் பயிற்சி நடக்கிறது என்று ஒரு தர்க்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதயம் வேகமாகத் துடிக்க எத்தனையோ காரணம் உண்டு. பயந்தால் துடிக்கும். கோபம் வந்தால் துடிக்கும். காபி குடித்தாலும், வெயிலில் நின்றாலும், காய்ச்சல் வந்தாலும் துடிக்கும். காமத்திலும் துடிக்கும். இவற்றில் பெரும்பாலும் அட்ரினலினோ சூடோதான் இதயத்தை விரட்டுகிறது. தசைகள் ஒன்றும் கேட்கவில்லை.

ஓடும்போது நடப்பது வேறு. தொடை, பிட்டம், கெண்டைக்கால் போன்ற பெரிய தசைகள் ஆக்சிஜன் கேட்கின்றன. அந்தத் தசைகளுக்குள் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. சுருங்கி விரியும் தசைகள் இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பித் தள்ளுகின்றன. நிறைய இரத்தம் வந்து நிரம்புவதால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. இது வாரக்கணக்கில் தொடர்ந்தால் இரத்தத்தின் அளவு கூடும், இடது கீழறை இன்னும் நன்றாக நிரம்பப் பழகும், தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்களும், செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகும். சும்மா இருக்கும்போது நாடித்துடிப்பு குறைவது இதனால்தான். மீட்டிங்கில் மேலதிகாரி திட்டும்போது ஏறும் துடிப்பு இதில் எதையும் செய்யாது.

என்னிடம் வந்த ஒருவர் நல்ல மனிதர், ஒழுங்கானவர், எண்களை நம்புகிறவர். அவர் கட்டியிருந்த வாட்ச், நாடித்துடிப்பு ஒரு அளவைத் தாண்டினால் அந்த நிமிடங்களைப் 'பயிற்சி' என்று சேர்த்துவிடும் வகை. வார இலக்கு புதன்கிழமையே நிறைந்துவிடுகிறதே என்று காலை நடையை நிறுத்திவிட்டார். சில மாதம் கழித்து மூன்றாவது மாடி ஏறுவதற்குள் மூச்சு இரைக்கிறது என்று வந்து நின்றார். வாட்சில் பதிவானதை உட்கார்ந்து பார்த்தோம். பாதிக்கு மேல் டிராஃபிக்கில் வண்டி ஓட்டிய நேரம், அலுவலகக் கூட்டங்கள், அப்புறம் இரவில் சில நிமிடங்கள். அந்தக் கடைசி வகையைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன அழுத்தத்தைப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டு, உண்மையான பயிற்சியை விட்டுவிட்டிருந்தார்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. தலைக்கு மேல் கை தூக்கிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறீர்கள். கால்களால் அதே அளவு ஆக்சிஜனைச் செலவழித்து நடக்கும்போது இருப்பதைவிட, கைவேலையில் துடிப்பு அதிகமாகத்தான் இருக்கும். கனமான பெட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும். ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு ஏறாது. பெரிய தசைகள் சீராக, தொடர்ந்து இயங்கும்போதுதான் துடிப்பை வைத்து உழைப்பை எடைபோட முடியும். மற்ற நேரத்தில் அந்த எண் பொய் சொல்லும்.

அப்படியானால் எதை நம்புவது? பேச்சை. முழு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நான்கைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் தீவிரம். பாட்டே பாட முடிகிறது என்றால் நல்ல விஷயம்தான், ஆனால் கார்டியோ கணக்கில் வராது. (எல்லாச் சமயத்திலும் இதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லவில்லை. சில இடங்களில் பாடினால் எதிராளி கோபித்துக்கொள்ளலாம்.)

உடலுறவில் 300 கலோரி போகும் என்று நம்புவது

சரி, அந்தக் கேள்விக்கு வருவோம்.

ஒருமுறை உறவுகொண்டால் 100 முதல் 300 கலோரி செலவாகும் என்ற பேச்சு நெடுங்காலமாக உலவுகிறது. உடல் பருமன் பற்றிய கட்டுக்கதைகளை ஆராய்ந்து 2013-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட கட்டுரை இதையும் எடுத்துக்கொண்டது. சராசரி நேரம் 6 நிமிடம், உழைப்பு ஏறக்குறைய 3 மெட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், முப்பதுகளில் இருக்கும், சுமார் 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு 21 கலோரி. அந்த நேரத்தில் டிவி பார்த்திருந்தாலே 7 கலோரி போயிருக்கும். அதாவது நிகர லாபம் 14 கலோரி.

அதே ஆண்டு மாண்ட்ரியலில் 21 இளம் ஜோடிகளுக்குக் கையில் ஆற்றல் செலவை அளக்கும் பட்டை கட்டி, அவரவர் வீட்டிலேயே அளந்தார்கள். முன்விளையாட்டையும் சேர்த்துச் சராசரி நேரம் 25 நிமிடத்துக்குப் பக்கம். ஆண்களுக்குச் சராசரியாக 101 கலோரி, பெண்களுக்கு 69. உழைப்பு மிதமான அளவின் மேல் விளிம்பில் இருந்தது. அதே ஆட்கள் ட்ரெட்மில்லில் 30 நிமிடம் ஓடியபோது 276-ம் 213-ம் போயின. ஆரோக்கியமான இருபது வயதுக்காரர்களின் எண் இது. நாற்பத்தைந்து வயதில் வேலை முடிந்து களைத்து வருபவர் இதைத் தன் எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு கணக்கும் இடிப்பதற்கு முக்கியக் காரணம் நேரம்தான். மேலே இருந்து இயங்குபவருக்கும் பெரிதாக அசையாமல் இருப்பவருக்கும் செலவு வேறு. துடிப்பு உச்சத்துக்குப் போவது புணர்ச்சியின் உச்சத்தில், 10 முதல் 15 விநாடிதான், உடனே இறங்கிவிடும். அந்த உச்ச எண்ணைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

ஆக, சேருமா? மூச்சு வாங்கிய நிமிடங்கள் சேரும். 150 நிமிடத்தை இதை வைத்தே நிரப்பப் பார்த்தால், மாண்ட்ரியல் ஜோடிகள் வாரத்தில் ஆறு நாள் தவறாமல் உழைக்க வேண்டும். 6 நிமிடக் கணக்குக்காரர் வாரத்துக்கு 25 முறை. வாழ்த்துகள்.

"நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன், எனக்கு எதற்கு?"

லண்டனில் இரட்டை மாடிப் பேருந்து ஊழியர்களை வைத்து ஜெர்ரி மோரிஸ் 1953-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய நடத்துனர்களுக்கு, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது. அதைச் சொல்லி எல்லா வேலையையும் கார்டியோ ஆக்கிவிடுகிறார்கள். படி ஏறுவது ஒன்று. எட்டு மணி நேரம் நிற்பதும் பாரம் தூக்குவதும் வேறு. 2021-ல் டென்மார்க்கில் லட்சம் பேருக்கு மேல் எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு இதய ஆபத்து குறைவாகவும், வேலையில் கடுமையாக உழைத்தவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. வேலைப்பளு பெரும்பாலும் இதயத்துக்குப் பயிற்சி ஆகும் அளவுக்குத் தீவிரமாக இருப்பதில்லை. ஆனால் இரத்த அழுத்தத்தை மணிக்கணக்கில் மேலேயே வைத்திருக்கும், தேறிவர அவகாசமும் தராது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் வீண் என்று தள்ளுவது

அது பழைய விதி. 2020 வழிகாட்டுதலில் அது இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடி ஏறிய இரண்டு நிமிடமும் சேரும்.

வாட்ச் காட்டும் கலோரியை நம்பிச் சாப்பிடுவது

2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். கலோரியில் மிகத் துல்லியமான கருவிக்கே சராசரியாக 27 சதவீதம் பிழை.

போனைப் பார்த்துக்கொண்டே நடப்பது

மெதுவான நடைதான். கார்டியோ இல்லை.

வலியை 'மூச்சு வாங்குது' என்று சமாளிப்பது

வீட்டுக்குள் செய்தாலும் உழைப்பு உழைப்புதான். இதயம் இடம் பார்ப்பதில்லை. இரண்டு மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் அது பயிற்சி போதாமை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள். மாரடைப்பு வந்து தேறியவர்கள் மறுபடி உறவுகொள்ளலாமா என்று முடிவுசெய்யவும் மருத்துவர்கள் ஏறக்குறைய இதே அளவைத்தான் பார்க்கிறார்கள்: 3 முதல் 5 மெட் உழைப்பைத் தொந்தரவு இல்லாமல் தாங்குகிறாரா என்று. உறவின்போது வரும் மாரடைப்பு மொத்த மாரடைப்புகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு. வழக்கமாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் குறைவு.

ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் சில்டெனாஃபில் (வயாக்ரா) வகை விறைப்பு மாத்திரையைச் சேர்த்து எடுக்கவே கூடாது. இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கலாம். கூச்சப்பட்டு, மருத்துவரிடம் கேட்காமல் வாங்கிப் போடுகிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த மாத்திரை போட்ட பிறகு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், என்ன மாத்திரை, எப்போது போட்டீர்கள் என்பதை அங்கே முதல் ஆளாக நீங்களே சொல்லிவிடுங்கள்.