'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி': எந்த எழுத்தைப் பெரிதாக எழுதுவது?

தருமபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அமர்ந்து என் தங்கையின் வேலை விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தபோது, முடிவில் வரும் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்பதன் இரண்டு சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தேன். அதைப் பார்த்த அவளுடைய ஆங்கில ஆசிரியை இரண்டாம் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் பின்பற்றிவரும் முறை இது.

கடிதத்தை முடிவிலிருந்து திருத்தத் தொடங்குங்கள். முதலில் முடிப்புத் தொடர். அதில் முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டுமே பெரியது. 'ஃபெய்த்ஃபுல்லி', 'சின்சியர்லி' இரண்டும் சிறிய எழுத்தில்தான் தொடங்கும். 'வித் பெஸ்ட் ரிகார்ட்ஸ்' என்று மூன்று சொற்கள் வந்தாலும் 'வித்' மட்டுமே பெரிய எழுத்துப் பெறும். தொடரின் இறுதியில் காற்புள்ளி இடுங்கள். 'யுவர்ஸ்' என்பதில் அப்பாஸ்ட்ரபி கிடையாது.

நான் இடறிய காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. மரியாதையை 'உயர்திரு' என்றும் 'அவர்கள்' என்றும் சொல்லாலேயே காட்டிப் பழகிய நாம், ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த மரியாதையைப் பெரிய எழுத்தின் மேல் ஏற்றிவிடுகிறோம். ஆனால் அங்கே பெரிய எழுத்து பணிவைக் காட்டுவதில்லை. பெரும்பாலும் வாக்கியத்தின் தொடக்கத்தையும் பெயரையுமே காட்டுகிறது.

அடுத்து, விளிப்பு. 'டியர் சார்' என்பதில் இரண்டு சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்கும். 'டியர் சார் ஆர் மேடம்' என்றால் நடுவிலுள்ள 'ஆர்' மட்டும் சிறியது. முடிப்புத் தொடருக்கும் இதுவே விதி என்று எண்ணுவதால்தான் பலர் தவறுகிறார்கள்.

கடிதத்தின் உள்ளே பெயரா, பொதுச்சொல்லா என்று மட்டும் பாருங்கள். 'கிருஷ்ணகிரி டிஸ்ட்ரிக்ட்' என்பதில் இரண்டும் பெரியவை. அந்த மாவட்டம் 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது என்று எழுதும்போது வரும் 'எ நியூ டிஸ்ட்ரிக்ட்' சிறியது. கிழமை, மாதம், மொழி ஆகியவற்றின் பெயர்கள் பெரியவை, 'சம்மர்' சிறியது. 'மை ஃபாதர்' என்பதில் தந்தையும் சிறிய எழுத்தில்தான் வருவார்.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஷிஃப்ட் விசையுடன் எஃப்3 அழுத்தினால் தேர்ந்தெடுத்த சொற்கள் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் மாறும். அதன் ஒரு நிலை ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கிவிடும் என்பதால், முடிப்புத் தொடருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக் கையால் தட்டுவதே பாதுகாப்பு.

பிற்சேர்க்கை: சரியாகத் தட்டியும் 'ஃபெய்த்ஃபுல்லி' தானாகப் பெரிய எழுத்துக்கு மாறுகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு சொற்களுக்கும் இடையில் என்டர் அழுத்தியிருந்தால் அப்படி நேரும். புதுப் பத்தியின் முதல் சொல்லை வேர்டு வாக்கியத் தொடக்கமாகக் கொள்கிறது. மாறியவுடனே கன்ட்ரோல் விசையுடன் இசட் அழுத்தினால் சிறிய எழுத்து திரும்பும். தொடரை ஒரே வரியில் எழுதினால் அதுவும் தேவைப்படாது.