வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே கேட்டுவிடுங்கள்

நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனங்களில் சேரும் இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு குறிப்பு. கட்சிக்காரருக்கு பில் போடும் நேரமே ஆண்டுக்கு 1,900 முதல் 2,000 மணி வரை இருக்க வேண்டும் என்று அங்கே பல நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. 2,000 என்றால், நான்கு வாரம் விடுப்பு போக, வாரத்துக்கு ஏறக்குறைய 42 மணி. சாப்பாடு, அலுவலகக் கூட்டம் எல்லாம் இதில் சேராது. ஆகவே சனி, ஞாயிறு வேலை அடியோடு ஒழியாது. ஆனால் அதற்கு எல்லை கட்டலாம்.

வார இறுதி வேலையைச் சொல்லி வெள்ளி மாலை மின்னஞ்சல் வரும்வரை காத்திருக்காதீர்கள். மூன்று மணிக்கே சீனியரிடம் போய், "இந்த ஒப்பந்த வரைவை நீங்கள் எப்போது படிப்பீர்கள்?" என்று கேளுங்கள். "எப்போது வேண்டும்?" என்று கேட்டால் "சீக்கிரம்" என்றுதான் பதில் வரும். எப்போது படிப்பார் என்று கேட்டால், "திங்கள் மதியம்" என்று சொல்ல நல்ல வாய்ப்பு உண்டு. ஞாயிறு முழுக்க வீட்டாருக்கே கிடைத்துவிடும். நீதிமன்றக் கெடு நெருங்கும் வாரத்தில் மட்டும் இது எடுபடாது.

சனிக்கிழமை வேலை இருந்தால், காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை ஒரே மூச்சில் முடியுங்கள். குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிறகு மின்னஞ்சல் ஒலியை அணைத்து, அழைப்பு மட்டும் வரும்படி வையுங்கள். செய்த வேலையை, பில்லுக்கான ஆறு நிமிடக் கணக்கில் (ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு), அன்றே பதியுங்கள். திங்களன்று நினைவிலிருந்து எழுதினால் மணிகள் விட்டுப்போகும்; ஈடுகட்ட இன்னொரு சனிக்கிழமை போகும்.