பழைய பைக்கில் இறுகிப்போன சைடு கண்ணாடி: எதையும் உடைக்காமல் தளர்த்தும் முறை

என்னிடம் இருப்பது 2009 மாடல் யமஹா எஃப்இசட். தூத்துக்குடியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, உப்புக்காற்றிலேயே நின்று பழகிய வண்டி. 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோதுதான் கண்ணாடிகளைக் கவனித்தேன். இடப்பக்கக் கண்ணாடி என் தோளைக் காட்டியது, வலப்பக்கக் கண்ணாடி வானத்தைக் காட்டியது. இரண்டையும் அசைக்க முடியவில்லை. இடப்பக்கத்தை ஒரே மாலையில் சரிசெய்துவிட்டேன். வலப்பக்கத்தில் ஒரு தவறு செய்தேன். அதற்கு ஒரு மாஸ்டர் சிலிண்டரே (முன் பிரேக் லீவரை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) போய்விட்டது. நீங்களும் அதே தவறைச் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கே இறுகியிருக்கிறது?

கண்ணாடி இறுகும் இடங்கள் இரண்டு. ஒன்று, கண்ணாடிக்குப் பின்னால் தண்டின் நுனியில் இருக்கும் உருண்டை. கண்ணாடியை மேலும் கீழும் திருப்ப விடுவது அதுதான். இன்னொன்று, தண்டின் அடிப்பகுதி லீவர் பிடிக்குள் (ஹேண்டில்பாரில் லீவரைத் தாங்கும் பாகம்) மரையாக இறங்கும் இடம். ஒரு கையால் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணாடியைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி திரும்புகிறது, ஆனால் மொத்தத் தண்டும் தவறான பக்கம் பார்த்து நிற்கிறது என்றால் சிக்கல் அடியில். தண்டு சரியாக இருந்து கண்ணாடி மட்டும் அசையவில்லை என்றால் சிக்கல் உருண்டையில். என் வண்டியில் இரண்டு இடமும் இறுகியிருந்தன.

தேவையானவை

14 நம்பர் ஓபன் ஸ்பேனர் இரண்டு (பல வண்டிகளுக்கு இதுதான் வரும், உங்கள் நட்டில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்), துருவை இளக்கும் ஸ்ப்ரே, பழைய டூத் பிரஷ், வெந்நீர், இரண்டு பழைய துணிகள். ரிங் ஸ்பேனர்தான் நட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் மேலே கண்ணாடித் தலை இருப்பதால் அதைத் தண்டு வழியாக இறக்க முடியாது. அதனால்தான் ஓபன் ஸ்பேனர். வாய் அகன்றுபோன பழைய ஸ்பேனர் வேண்டாம், நட்டின் முனைகளை உருட்டிவிடும். நான் தாபரியா கம்பெனி ஸ்பேனர் வைத்திருக்கிறேன், இந்த வேலைக்கு அது போதும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஸ்ப்ரேக்கு டபிள்யூடி-40 அல்லது அதுபோன்ற ஏதாவது ஒன்று. அது இல்லையென்றால் மண்ணெண்ணெயில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து சொட்டுச் சொட்டாக விடலாம், மெதுவாக வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். முதல் நாள் நன்றாக இருக்கும். பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு துணியைப் போட்டுவிடுங்கள். ஸ்பேனர் வழுக்கி விழுந்தால் முதல் அடி அதற்குத்தான்.

உருண்டை இறுகியிருந்தால்

கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்துத் தள்ளாதீர்கள், நடுவிலும் அழுத்தாதீர்கள். முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கழுத்துப் பகுதியில் சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். ஆறினால் மறுபடியும் நனைத்துச் சுற்றுங்கள். உருண்டையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் சூட்டில் கொஞ்சம் இளகும். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியின் பின் ஓட்டை, உருண்டைக்குப் பக்கத்தில், அணைத்துப் பிடித்து நூலளவு முன்னும் பின்னும் அசையுங்கள். முதல் அசைவு கிடைத்துவிட்டால் மீதி தானாக வரும்.

எண்ணெயை இங்கே அள்ளி விடக் கூடாது. உருண்டைக்குக் கொஞ்சம் பிடிப்பு வேண்டும். நிறைய எண்ணெய் விட்டால் நிற்கும்போது கண்ணாடி நன்றாகத் திரும்பும், ஐம்பதில் போனால் காற்றுக்குத் தலை தொங்கிவிடும். சிலிகான் ஸ்ப்ரே ஒரே ஒரு முறை போதும். அதிகமாகிவிட்டால் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு கழுவிக் காயவிடுங்கள். சில கண்ணாடிகளில் பின்னால் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தினாலே வேலை முடிந்துவிடும், முதலில் அதைத் தேடுங்கள்.

தண்டு இறுகியிருந்தால்

நான் தவறிய இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

தண்டு இரும்பு, அது இறங்கும் லீவர் பிடி அலுமினியம். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மழைநீரும் உப்பும் தங்கினால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாக மரை முழுக்க அடைத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் பலம் கொடுத்தாலும் முதலில் விட்டுக்கொடுப்பது அலுமினியம்தான். இடப்பக்கம் உடைந்தால் கிளட்ச் லீவர் பிடியோடு போகும். முன் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் வலப்பக்கக் கண்ணாடி மாஸ்டர் சிலிண்டரின் மேலேயே நிற்கிறது. அது உடைந்தால் செலவு அதிகம், பிரேக்கில் காற்று எடுக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

நான் செய்தது இதுதான். இடப்பக்கத்தை வழக்கம்போல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினேன், கழன்றது. வலப்பக்கத்தையும் அதே திசையில் திருப்பினேன். வரவில்லை. துரு என்று நினைத்து ஸ்ப்ரே அடித்து, முழு பலத்தோடு மறுபடியும் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். சிலிண்டரின் காது, அதாவது தண்டு இறங்கும் துளையுள்ள பகுதி, விரிந்துவிட்டது. அங்கே இருந்தது எதிர் மரை. கழற்றுவதாக நினைத்து அவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எதற்காக எதிர் மரை என்று பிறகு யோசித்தபோது அந்த அமைப்பின் மேல் மரியாதையே வந்தது. எதிரே வரும் வண்டியோ கிளையோ வலப்பக்கக் கண்ணாடியில் இடித்தால் அது பின்பக்கம் தள்ளப்படும். மேலிருந்து பார்த்தால் அது கடிகாரத் திசைச் சுழற்சி. நேர் மரையாக இருந்தால் அந்த இடியில் இன்னும் இறுகி, சிலிண்டரை உடைக்கும். எதிர் மரையாக இருப்பதால் தளர்ந்து மடங்கிக்கொள்கிறது. இடப்பக்கத்தில் நேர் மரையே இந்த வேலையைச் செய்துவிடும்.

அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ரப்பர் உறையை மேலே தூக்கி, பிரஷ்ஷால் தேய்த்து, வெளியே தெரியும் மரையைப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் தண்டில் மரைக் கோடுகள் இடமிருந்து வலமாக ஏறினால் நேர் மரை: எதிர்த்திசையில் திருப்பினால் கழலும். வலமிருந்து இடமாக ஏறினால் எதிர் மரை: கடிகாரத் திசையில் திருப்பினால் கழலும். தெரியவில்லை என்றால் மொபைலில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா வண்டியிலும் எதிர் மரை இருக்காது, அதனால் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

திசை தெரிந்துவிட்டதா? சரி, இப்போது லாக் நட்டின் (தண்டைத் திரும்பாமல் பூட்டி வைக்கும் நட்டு) அடியிலும் மரையிலும் ஸ்ப்ரே அடித்து ஒரு இரவு விடுங்கள். ரப்பர் பிடியிலும் சுவிட்சிலும் படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். காலையில் மறுபடியும் ஒரு முறை அடித்து, ஸ்பேனரின் பிடியால் நட்டை நாலு பக்கமும் லேசாகத் தட்டுங்கள். பிறகு வெந்நீர்த் துணியை அலுமினியப் பிடியின் மேல் சுற்றுங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும், அதனால் மரையின் இறுக்கம் தளரும். தீக்குச்சி, லைட்டர், கேஸ் டார்ச் எதுவும் வேண்டாம். பக்கத்தில் பிரேக் ஹோஸும் பெட்ரோல் டேங்கும் இருக்கின்றன.

தண்டைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டைத் தளர்த்துங்கள். அப்புறம் தண்டை முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் திருப்பி, உடனே கழற்றும் பக்கம் திருப்புங்கள். பொடி உடையும் 'கிரிக்' சத்தம் கேட்கும். கால் சுற்று வந்ததும் நிறுத்தி, ஸ்ப்ரே அடித்து, தண்டைக் கொஞ்சம் இறுக்கும் பக்கம் திருப்பி, மறுபடியும் கழற்றும் பக்கம் திருப்புங்கள். முழு பலம் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கு வேலையை விட்டுவிடுங்கள். இன்னொரு இரவு ஊறட்டும்.

திரும்பப் பூட்டும்போது

தண்டின் மரையை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துளைக்குள் இருக்கும் பொடியைத் துடைத்து, மரையில் மெல்லிய கிரீஸ் தடவுங்கள். முதல் ஐந்து சுற்றும் கையாலேயே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மரை கோணலாக ஏறியிருக்கிறது, கழற்றி மறுபடியும் தொடங்குங்கள். வண்டியில் உட்கார்ந்து திசை பார்த்து, தண்டைப் பிடித்தபடி லாக் நட்டை இறுக்குங்கள். உங்கள் முழங்கை கண்ணாடியின் உள் ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தால் போதும், மீதி எல்லாம் சாலையாக இருக்கட்டும். ரப்பர் உறையை மறக்காமல் கீழே இறக்கிவிடுங்கள், மழைநீரைத் தடுப்பது அதுதான்.

பிறகு சேர்த்தது

படித்தவர்களில் ஒருவர் தன் வண்டியில் இரண்டு நட்டு இருப்பதாகவும் எதைத் திருப்பினாலும் மற்றது சேர்ந்து சுற்றுவதாகவும் எழுதியிருந்தார். அந்த வகையில் அடியில் இருப்பது பிடிக்குள் இறங்கும் அடாப்டர், மேலே இருப்பது லாக் நட்டு. மேல் நட்டு மட்டும் எதிர் மரையாக இருக்கும் வண்டிகள் உண்டு. அடி நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்து நிறுத்திவிட்டு, மேல் நட்டை அதன் மரை பார்த்துத் திருப்புங்கள். கண்ணாடியின் திசையை மாற்ற மட்டும்தான் வேண்டும் என்றால் அடி நட்டைத் தொடவே தேவையில்லை.

இன்னொருவர் கடையில் புதுக் கண்ணாடி வாங்கி, அது வலப்பக்கத்தில் ஏறவே இல்லை என்றார். நேர் மரைக் கண்ணாடியைக் கொடுத்திருக்கிறார்கள். பழைய தண்டைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரை ஏறும் பக்கத்தையும் தடிமனையும் ஒப்பிட்டு வாங்குங்கள். 8 மி.மீ. தண்டும் உண்டு, 10 மி.மீ. தண்டும் உண்டு.

நான் இப்போது ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் கடைசியில், வடகிழக்கு மழை தொடங்கும் முன், இரண்டு தண்டையும் கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைத்துப் பூட்டுகிறேன். இருபது நிமிட வேலை.